ஒன்பதாவது ஷரத்து

ஒரகடம் கூட்ரோட்டுல வாடகை அக்ரிமென்ட் டைப் அடிச்சே எனக்குப் பதினாறு வருஷம் ஓடிப்போச்சு. புதுசா டைப்பிங் கடை போடுறவங்களுக்காக இதை எழுதுறேன். பெருமைக்கு இல்ல, நான் பண்ண தப்பைச் சொல்லத்தான்.

ஒரு நாள் காலையில கடையைத் திறக்கும்போதே செல்வி வாசல்ல நின்னா. தென்காசிப் பக்கத்துப் பொண்ணு, புருஷனுக்குக் கார் கம்பெனியில வேலை. கையில பிறந்து ஒரு மாசம்கூட ஆகாத குழந்தை.

"யக்கா, மூணு நாளா வீட்டு ஓனரு தண்ணிய நிப்பாட்டிட்டாரு. அவரு மக குடிவரணுமாம், உடனே காலி பண்ணச் சொல்லுதாரு. கேட்டா, நீ கையெழுத்துப் போட்ட பேப்பர்லயே இருக்குங்காரு. கைப்பிள்ளய வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

பேப்பரை வாங்கிப் பார்த்தேன். கீழே என் கடை சீல். ஒன்பதாவது ஷரத்து இது: "உரிமையாளர் எப்போது வேண்டுமானாலும் காலி செய்யச் சொல்லலாம். மறுத்தால் தண்ணீர், மின்சாரத்தை நிறுத்தலாம். வாடகைதாரர் கோர்ட்டுக்குப் போகக் கூடாது."

எப்பவோ வேற ஒரு ஓனர் பக்கத்துல நின்னு சொல்லச் சொல்ல நான் அடிச்சது அது. எங்க தொழில்ல யாரும் முதல்லேர்ந்து அடிக்கிறதில்ல. பழைய ஃபைலைத் திறப்போம், பேரு, அட்ரஸ், தேதியை மாத்துவோம், பிரிண்ட் போடுவோம். அந்த ஆள் கேட்ட ஷரத்து ஃபைல்லயே தங்கி, அப்புறம் வந்த எல்லாரோட அக்ரிமென்ட்லயும் ஏறியிருக்கு. நான் ஒரு தடவைகூடப் படிச்சுப் பார்க்கல.

எனக்குத் தெரிஞ்ச வக்கீலம்மாவுக்கு போன் போட்டேன். "கையெழுத்துப் போட்டுட்டா சட்டம் இல்லாம போயிடுமா? தண்ணி, கரண்ட்டை நிறுத்தவே கூடாதுன்னு வாடகைச் சட்டம் சொல்லுது. காலி பண்ண வைக்கணும்னா ரென்ட் கோர்ட்டுக்குத்தான் போகணும். வாடகை அதிகாரிக்கு மனு அடி, நான் பாத்துத் தர்றேன்"னாங்க.

மனுவை அடிச்சு, ஒரு காப்பியோட செல்வியையும் கூட்டிக்கினு ஓனர் வூட்டுக்குப் போனேன். மாடியில அவர், கீழ்ப் போர்ஷன்ல செல்வி. அவர் படிச்சுட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாம்மா, அதையும் நீதான் அடிச்சே, இதையும் நீதான் அடிச்சிக்கினு வர்றே. நான் எதை நம்புறது?"

அவமானமா இருந்துச்சு. "அது தப்புங்க. தெரியாம அடிச்சுட்டேன். இதை நம்புங்க"ன்னேன்.

அவர் எழுந்து போய் மோட்டாரைப் போட்டார். "மகளுக்கு வேற வூடு பாத்துக்கறேன்"னார். செல்வி குடத்தைத் தேடி ஓடினா.

இப்பல்லாம் கையெழுத்துக்கு முன்னாடி ரெண்டு பேரையும் உக்கார வச்சு, ஒவ்வொரு வரியா சத்தமா படிச்சுக் காட்டுறேன். சில ஓனருங்க முறைச்சிக்கினு பக்கத்துக் கடைக்குப் போறாங்க. போகட்டும்.

அன்னிக்குச் சாயங்காலமே ஃபைல்லேர்ந்து அந்த ஷரத்தை அழிச்சேன். அப்புறம்தான் ஞாபகம் வந்து, என் கடையோட வாடகை அக்ரிமென்ட்டை பீரோலேர்ந்து எடுத்தேன். நானே அடிச்சு, நானே வாடகைதாரரா கையெழுத்துப் போட்டது. ஒன்பதாவது ஷரத்து அதுலயும் இருந்துச்சு.