ஆர்லீன் ஒட்டிய பச்சைப் பொட்டு

ஆர்லீன் பிட்டக் பால் வாங்கக் கிளம்பினால் திரும்பி வர இரண்டரை மணி நேரம் ஆகும். இத்தனைக்கும் சக்கரம் வைத்த வீடுகள் வரிசையாக நிற்கும் எங்கள் டிரெய்லர் பார்க்கின் வேலியை ஒட்டியே ரயில் ஸ்டேஷன் இருக்கிறது. பீடில் ரோடு ஸ்டேஷன். ஸ்டேஷன்தான் இருக்கிறதே தவிர, சுற்றி ஒரு ஈ காக்கை கிடையாது. அறுநூறு கார் நிறுத்தக்கூடிய தார்த் திடல் ஒன்று உண்டு. அதில் முப்பது கார் நின்றால் அதிசயம். அதற்கப்பால் ஒரு வாய்க்கால், நெடுஞ்சாலை, யாரோ எதையோ போட்டுப் பூட்டி வைத்திருக்கும் கிட்டங்கிகள். ஆர்லீன் ரயிலேறி ஆறு ஸ்டேஷன் தள்ளிப் போய்ப் பால் வாங்கி, ஐஸ் போட்ட பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். எங்கள் பள்ளத்தாக்கின் ஜூலை வெயிலில் பாலும் திரியும், மனுஷனும் திரிவான்.

நான் அவளுக்கு அடுத்த வீட்டுக்காரன். பெயர் டெல். பழுதான வண்டிகளை இழுத்துப் போகும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். கண்ணில் அழுத்த நோய் வந்து அவளுக்கு லைசென்ஸ் போன பிறகு, கடைக்கு நான் கூட்டிப் போகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். இரண்டு தடவை வந்தாள். மூன்றாம் தடவை, உன் காரில் ஏறினால் உன் புலம்பலையும் சேர்த்து ஏற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது, ரயில் எவ்வளவோ தேவலை என்று சொல்லிவிட்டாள்.

அவள் அப்படித்தான். இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் நின்று பிள்ளைகளுக்குச் சோறு போட்டவள். மூன்றாவது தடவை மக்ரோனி கேட்டு வருகிற பையனையும், வெட்கப்பட்டு ஒரு தடவைகூடக் கேட்காத பெண்ணையும் அடையாளம் தெரிந்து பரிமாறியவள். கணவன் மெர்ல் பம்பு செட் பழுது பார்ப்பவன், ஒன்பது வருஷத்துக்கு முன் போய்ச் சேர்ந்தான். வீடு இரண்டு பேருமாக எண்பத்தொன்பதில் வாங்கியது. எங்கள் பார்க்கில் எல்லாருக்கும் உள்ள நிலைமைதான் அவளுக்கும்: வீடு நம்முடையது, அடியில் இருக்கும் மண் வேறொருவருடையது. மண்ணுக்கு மாதாமாதம் வாடகை. சக்கரம் வைத்த வீடுதானே, இழுத்துக்கொண்டு போவதற்கென்ன என்று வெளியாள் கேட்பான். நான் வாழ்நாள் முழுக்க இழுத்தவன், நான் சொல்கிறேன்: அத்தனை பழைய வீட்டை இன்றைக்குத் தூக்கினால் இடுப்பு ஒடிந்து விழும்.

போன வருஷம் மார்ச்சில் நகராட்சியிலிருந்து ஒரு அட்டை வந்தது. பீடில் ரோடு ஸ்டேஷனைச் சுற்றி என்னென்ன வரலாம் என்று ஊர் மக்களே சொல்லலாமாம். கடை, குடியிருப்பு, மரம், நடைபாதை, எதுவானாலும். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம், பீட்சா இலவசம். நான் அட்டையைக் குப்பையில் போட்டேன். எல்லாவற்றையும் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டுத்தான் நம்மைக் கூப்பிடுவார்கள் என்பது என் சித்தாந்தம். போகாதவனுக்கு அது ரொம்ப வசதியான சித்தாந்தம். ஆர்லீன் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு போனாள்.

அங்கே ஆளுக்கு ஆறு பச்சை ஸ்டிக்கர் பொட்டுகள் கொடுத்தார்கள். சுவரில் வானத்திலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு பெரிய வரைபடம். நடுவில் ஸ்டேஷன், அதைச் சுற்றி ஒரு வட்டம். எது எங்கே வேண்டுமோ அங்கே பொட்டை ஒட்ட வேண்டும். அவளுக்கு ஆறும் ஒரே விஷயத்துக்குத்தான்: கடை, நடந்து போகிற தூரத்தில். வரைபடத்தில் வீடுகளே வரையப்படவில்லை. எங்கள் பக்கம் முழுக்க வெளிர் மஞ்சள் பூசியிருந்தார்கள். மஞ்சள் என்றால் காலி இடம் என்று இவள் நினைத்துக்கொண்டாள். ஸ்டேஷனிலிருந்து நம் வீட்டுப் பக்கமாக, எவ்வளவு கிட்டே முடியுமோ அவ்வளவு கிட்டே, ஆறு பொட்டையும் ஒட்டிவிட்டு, மிச்சப் பீட்சாவைக் காகிதத்தில் சுற்றி எனக்கும் கொண்டு வந்தாள். நான் சாப்பிட்டேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆறு மாதம் கழித்துத் தடியாக ஒரு புத்தகம் வந்தது. திட்டத்தின் வரைவு. பதினோராம் பக்கத்தில் முழுப்பக்கப் படம்: ஆர்லீன் சிரித்தபடி வரைபடத்தில் விரலை வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறாள். கீழே ‘மக்களின் விருப்பம்’ என்று போட்டிருந்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பார்க் முழுக்க வீடு வீடாகக் கொண்டு போய்க் காட்டிவிட்டுக் கடைசியாக என்னிடம் வந்தாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ரயில் பாதை இருக்கிறது. வாய்க்கால் வளைகிற இடம் இருக்கிறது. அந்த வளைவுக்கு இந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? நான் முப்பது வருஷமாகத் தூங்குகிற இடம்.

“ஆர்லீன், இது நம்ம பார்க்.”

“எது?”

“உன் விரல் இருக்கிற இடம். இந்த மஞ்சள் முழுக்க நாமதான். நாலு மாடிக் கட்டடம், கீழே கடைன்னு போட்டிருக்கான் பாரு. சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கிட்டு, அதுக்கு போட்டோ வேற எடுத்துக்கிட்டு வந்திருக்க.”

இதைச் சொன்னதற்காக இப்போதும் வருத்தப்படுகிறேன். அவள் புத்தகத்தை வாங்கி, கண்ணுக்கு ரொம்பக் கிட்டே வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு, நான் வீட்டுக்குப் பக்கத்தில்தானே கேட்டேன், வீட்டு மேலேயே கேட்கவில்லையே என்று முணுமுணுத்தாள்.

வரைபடத்தில் ஒரு பொட்டு எவ்வளவு இடத்தை மூடுகிறது என்பதை அப்புறம்தான் பள்ளிக்கூட அளவுகோலை வைத்துக் கணக்குப் போட்டோம். சுண்டுவிரல் நகம் அளவு பொட்டுக்கு அடியில் நாற்பது வீடு. அந்த அளவில் ‘பக்கத்தில்’ என்று ஒட்டுவதற்கு இடமே கிடையாது. அன்றைக்குப் போன எங்கள் ஆட்கள் எல்லாரும் அதையேதான் செய்திருந்தார்கள். ஆளாளுக்குத் தன் வீட்டுக்குக் கிட்டே வேண்டும் என்று ஒட்டி, தன் வீட்டையே ஒட்டி மூடிவிட்டார்கள். ஆனால் படத்தில் இருந்தது ஆர்லீன் மட்டும்தான். அதனால் பார்க்கை ஆர்லீன் கொடுத்துவிட்டாள் என்று பேச்சு கிளம்பியது. முந்தின வாரம்வரை கேக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் இவளைக் கண்டதும் தபால்பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள்.

அவளைக் கூட்டிக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். திட்டம் தீட்டும் பெண், தெரெசா ஒகாம்போ, முப்பது வயதிருக்கும். நல்ல பெண்தான், தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். இது வெறும் தொலைநோக்கு, இருபது வருஷத்துக்கானது, மஞ்சள் என்றால் காலி என்றல்ல, வாய்ப்புள்ள நிலம் என்று அர்த்தம், நிலச் சொந்தக்காரர் மனது வைத்தால்தான் எதுவும் நடக்கும் என்றெல்லாம் சொன்னாள். ஆர்லீன் பொறுமையாகக் கேட்டாள்.

“எல்லாம் சரிம்மா. இடிக்கிறீங்களா, இல்லையா?”

“திட்டம் எதையும் இடிக்காதுங்க, ஆர்லீன். திட்டம் அனுமதிக்கும், அவ்வளவுதான்.”

“அனுமதிச்சா யார் இடிப்பாங்க?”

“அது... அப்ப பாக்கணும்.”

ஒட்டிய பொட்டைத் திரும்ப எடுக்க முடியுமா என்று ஆர்லீன் கேட்டாள். பொட்டில் பெயர் இல்லையே, எது உங்களுடையது என்று எப்படிச் சொல்வது என்றாள் தெரெசா. நகரசபைக் கூட்டத்தில் வந்து பேசுங்கள், இரண்டு நிமிஷம் கொடுப்பார்கள் என்றாள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல நாங்கள் இரண்டு பேரும் வெளியே வந்தோம். எனக்குக் கோபமாவது இருந்தது, பிடித்துக்கொள்ள. அவளுக்கு அதுவும் இல்லை.

வழியெல்லாம் நான் அவளை ஏற்றிவிட்டுக்கொண்டே வந்தேன். எதிர்த்துப் பேசு, அழுதாலும் தப்பில்லை, கிழவி அழுதால் சபை கரையும் என்றேன். அவள் வேறெதையோ நினைத்துக்கொண்டிருந்தாள். கடை வருவது நல்லதுதானே டெல் என்றாள். அந்தத் தார்த் திடல் சும்மாதானே கிடக்கிறது, அதில் கட்டினால் என்ன என்றாள். உன் வீடே போகப் போகிறது, நீ கடையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாயே என்று கத்தினேன்.

கூட்டம் ஜூன் மாதம், மாலை ஆறு மணிக்கு. பேச விரும்புகிறவர்கள் வாசலில் அட்டை எழுதிக் கொடுக்க வேண்டும். ஆதரவு என்று ஒரு கட்டம், எதிர்ப்பு என்று ஒரு கட்டம். ஆர்லீன் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் வரிசை நீண்டது. இரண்டிலும் குறி போடலாமா என்று கேட்டாள். கூடாது, ஒருவருக்கு ஒன்றுதான் என்றார் எழுத்தர். கடைசியில் ஆதரவில் குறி போட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் எதிர்ப்புக் கட்டத்தில் என் பேனா அட்டையைக் கிழித்தது.

முதலில் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கத்துத் தோட்ட வீட்டுக்காரர்கள் பேசினார்கள். நாலு மாடி வந்தால் நெரிசல், சத்தம், நிழல். அடுத்து, காரை நிறுத்திவிட்டு ரயிலேறுகிறவர்கள். தார்த் திடலில் ஒரு கட்டத்தைக்கூடத் தொடக் கூடாது. அப்புறம் ஆர்லீனைக் கூப்பிட்டார்கள். மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள்.

“உங்க புத்தகத்துல பதினோராம் பக்கத்துல சிரிக்கிறது நான்தான்,” என்றாள். சபை சிரித்தது. “எனக்குக் கடை வேணும். நடந்து போய்ப் பால் வாங்கணும். அந்தப் பொட்டை ஒட்டுறப்ப அது இத்தினிக்கூண்டு இருந்துச்சு. அதுக்குள்ள நாப்பது வீடு இருக்குன்னு யாரும் சொல்லல, எனக்கும் தெரியல. ஆனா கேட்டத நான் தெரிஞ்சுதான் கேட்டேன். கடைய அந்தக் கார் நிக்கிற இடத்துல கட்டுங்க. நாள் பூரா காலியாத்தான் கெடக்கு. கடை வரட்டும். அது வர்றப்ப நானும் அங்க இருக்கணும்.”

தலைவர் குழம்பிப் போய் அவளுடைய அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஒரு தெளிவுக்காகக் கேக்குறேம்மா. நீங்க ஆதரவா, எதிர்ப்பா?”

“நான் அங்க குடியிருக்கேன்,” என்றாள் ஆர்லீன்.

நேரம் முடிந்தது என்று சிவப்பு விளக்கு எரிந்தது. நன்றி என்று சொல்லி அவளை உட்கார வைத்தார்கள். அடுத்த அட்டை என்னுடையது.

நான் மேடைப் பேச்சாளன் இல்லை. ஆனால் அன்றைக்கு வாயில் சனி உட்கார்ந்திருந்தான். அவளைப் பாருங்கள் என்று கை காட்டினேன். “கண்ணு சரியாத் தெரியாத பொம்பள. பீட்சா குடுத்து, கையில ஸ்டிக்கரக் குடுத்து, அவ வீட்ட அவ கையாலயே எழுதி வாங்கிட்டீங்க. தான் என்ன கேட்டோம்னே அவளுக்குத் தெரியல. இப்பகூடத் தெரியல, பாத்தீங்கள்ல? இதுக்குப் பேரு மக்களின் விருப்பமா?”

கூடம் அதிர்ந்தது. எங்கள் பார்க் ஆட்கள், தோட்ட வீட்டுக்காரர்கள், கார் நிறுத்துகிறவர்கள் எல்லாரும் எழுந்து கை தட்டினார்கள். ஒருவரையொருவர் கண்டால் ஆகாத மூன்று கூட்டமும் என் வாயால் ஒன்று சேர்ந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது, மறைப்பானேன். கால் மணி நேரத்தில் சபை ஒருமனதாக முடிவெடுத்தது. டிரெய்லர் பார்க் வரைபடத்திலிருந்து நீக்கப்படுகிறது. கடைக்குக் குறித்த இடம் அது ஒன்றுதான் என்பதால் கடையும் நீக்கப்படுகிறது. தார்த் திடல் இருந்தபடியே இருக்கும். ஸ்டேஷனைச் சுற்றி என்ன செய்யலாம் என்று பிறகொரு சமயம் ஆராயப்படும்.

வாசலில் எங்கள் ஆட்கள் ஆர்லீனைக் கட்டிக்கொண்டார்கள். தபால்பெட்டிக்குள் தலையை விட்டவர்களே முதலில் வந்தார்கள். பாவம், உன்னை ஏமாற்றிவிட்டார்கள், உன் மேல் தப்பே இல்லை என்று அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். அவள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். என் கையைப் பிடித்துக் குலுக்க ஒரு வரிசையே நின்றது.

காரில் ஏறியதும் நான் பேசிக்கொண்டே வந்தேன். தலைவரின் முகம் போன போக்கைப் பார்த்தாயா என்றேன். வீடு தப்பித்தது, இனி நிம்மதியாகத் தூங்கு என்றேன். ஆர்லீன் பையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தாள். வாய்க்கால் பாலம் தாண்டிய பிறகுதான் பேசினாள்.

“நான் வேண்டாம்னு ஒரு தடவகூடச் சொல்லல, டெல்.”

“இல்ல, சொல்லல.”

“நான் என்ன கேட்டேன்னு உனக்குத் தெரியும்ல?”

“தெரியும் ஆர்லீன். கார் நிக்கிற இடத்துல கடை.”

“உனக்கே தெரிஞ்சிருக்கு. அப்புறம் ஏன் அத்தன பேர் முன்னால, எனக்குத் தெரியலன்னு சொன்ன?”

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். எதற்கும் ஒரு பதிலைக் கையில் வைத்துக்கொண்டு அலைகிறவன் நான். அன்றைக்கு இன்ஜினை அணைத்தேன், மறுபடி போட்டேன். சரி, போகலாம் என்றாள் ஆர்லீன்.