லேமினேஷன் போட்ட பட்டம்

நான்கு வருடம் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டுத் தக்கலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். படிப்பு வீண்போகவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். வெப்பவியல் படித்தவன், தினமும் லேமினேஷன் மிஷினின் சூட்டோடுதான் மல்லுக்கட்டுகிறேன். அந்த மிஷினில் முதலில் விட்டது என்னுடைய பட்டத்தைத்தான். இன்றும் கல்லாவுக்கு மேலே தொங்குகிறது. கழற்றிக் காட்டு என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

எங்கள் மாவட்டத்துக்கு வருடத்தில் இரண்டு மழைக்காலம். சுவர் வியர்க்கும், பீரோவில் வைத்த காகிதம் பூஞ்சை பிடிக்கும். அதனால் பிள்ளை பாஸானதும் மிட்டாய் வாங்குகிறார்களோ இல்லையோ, மார்க் லிஸ்ட்டை லேமினேஷனுக்குக் கொண்டு வந்துவிடுவார்கள். என் தங்கை பி.எஸ்சி. நர்சிங் முடித்தாள். பட்டச் சான்றிதழ் தபாலில் வந்த அன்றே, அவளிடம்கூடக் கேட்காமல், மார்க் லிஸ்ட்டுகளோடு சேர்த்துக் கடைக்கு எடுத்துப் போனேன். இருப்பதிலேயே கனமான பிளாஸ்டிக்கைப் போட்டேன். ஒரு குமிழிகூட விழவில்லை. தங்கைக்கு என்னால் முடிந்த சீதனம் இது என்று எனக்குப் பெருமை வேறு.

அவள் நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்தாள். ஊசி போட நரம்பு கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரி. குழந்தைகள் வார்டில் எவ்வளவு தேடியும் நரம்பு கிடைக்காத கைக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள். கூடப் படித்த தோழி ஒருத்தியும் அங்கேயே இருந்தாள். ஊசியை எடுத்தாலே அவளுக்குக் கை நடுங்கும். அவள் ஏற்ற வேண்டிய ட்ரிப்பையும் பாதி நாள் என் தங்கையே ஏற்றிவிடுவாள்.

இருவரும் மஸ்கட்டில் ஒரு மருத்துவமனைக்கு வீடியோவில் இன்டர்வியூ கொடுத்தார்கள். இருவருக்கும் வேலை கிடைத்தது. பட்டத்தில் அரசாங்க முத்திரைகள் வாங்கி இரண்டு மாதத்துக்குள் அனுப்பவேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

தங்கையோடு நானும் முத்திரை வாங்கித் தரும் ஏஜென்சிக்குப் போனேன். அங்கே இருந்தவர் பட்டத்தைத் திருப்பிப் பார்த்தார். விரலால் இரண்டு தட்டு தட்டினார்.

"பிளாஸ்டிக்குக்கு மேல சீல் எப்பிடி வைக்கது? பின்பக்கம் பேப்பரா இருக்கணும்."

யார் செய்த வேலை இது என்று அவர் கேட்கவில்லை. கேட்டு நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இஸ்திரிப் பெட்டி வைத்தால் உரியும் என்றார் ஒருவர். ஃப்ரீசரில் வைத்தால் தானாகக் கழன்றுவிடும் என்றார் இன்னொருவர். முதல் வருட மார்க் லிஸ்ட்டில் இஸ்திரிப் பெட்டியை வைத்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் உரிந்தது. எழுத்துகளும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தன. கையில் மிஞ்சியது வெறும் தாள். சூட்டில் மை பிளாஸ்டிக்கோடு சேர்ந்துவிடும் என்பது ஒரு இன்ஜினியருக்குத் தெரியவேண்டாமா? பட்டத்தை இனித் தொடக்கூடாது என்று தங்கை சொல்லிவிட்டாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, பாவி.

வேறு சான்றிதழ் கேட்டு இரண்டு தடவை ரயிலேறிச் சென்னைக்குப் போனேன். பல்கலைக்கழகத்தில் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்கள். தபாலில் வரும் என்றார்கள். எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. மஸ்கட்டில் அதற்காகக் காத்திருப்பார்களா? இரண்டு மாதம் முடிந்தது, அவள் இடத்துக்கு வேறு யாரையோ எடுத்துவிட்டார்கள். வேலை தெரியாது என்று தள்ளியிருந்தால் மனசு ஆறியிருக்கும். வேலை தெரியும் என்பதை அவர்களும் மறுக்கவில்லை.

தோழியின் பட்டம் வந்த கவரிலேயே துணிகளுக்கு அடியில் கிடந்திருக்கிறது. ஒரு மூலையைக் கரப்பான் கடித்திருந்தது. பின்பக்கம் சுத்தமான காகிதம். எல்லா முத்திரையும் விழுந்துவிட்டது.

மஸ்கட்டுக்குப் புறப்படுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தோழி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அங்கே போயும் கை நடுங்கினால் திருப்பி அனுப்பிவிடுவார்களே என்று அழுதாள். என் தங்கை அவளைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்தாள். தன் இடது கையில் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு நீட்டினாள்.

"குத்துட்டி. எனக்கு நோவாது."

முதல் குத்து தப்பியது. இரண்டாவதும் தப்பி, அந்த இடம் நீலமாக வீங்கியது. போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

"கண்ணால தேடாத மக்கா. விரலு வச்சுத் தடவிப் பாரு, தட்டுப்படும்."

மூன்றாவதில் நரம்பு கிடைத்தது. வேலை தனக்கே கிடைத்ததுபோல் தங்கை சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, வீக்கத்துக்கு வைக்க ஐஸ் கொண்டு வரச் சொன்னாள்.

ஃப்ரீசரைத் திறந்தேன். மீன் பொதிக்குப் பின்னால், அவளுக்குத் தெரியாமல் நான் வைத்திருந்த அவளுடைய பட்டம். ஓரத்தை நகத்தால் நெருடிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட விழாமல் அப்படியே இருந்தது.