முதுகில் படாத கால்விரல்

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அண்ணியின் போன் வந்தது. "அண்ணன் போயிட்டாருப்பா. தூக்கத்துலயே போயிட்டாரு." திருமானூர் பஸ்ஸில் எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. தங்கராசு அண்ணனோடு மாலத்தீவில் வேலை பார்த்தவர்களே, உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியவன் நான்தான். அவரும் நானும் ஒன்பது வருடம் ஒரே படகில் நின்றவர்கள்.

வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு மீன் காட்டுவது எங்கள் வேலை. முழங்கால் ஆழமுள்ள மணல் கடலில் ஆட்டுக்கிடா கனத்துக்குப் பாரை மீன் மேய வரும். விருந்தாளி முன்னால் நின்று, இறகு கட்டிய தூண்டில் முள்ளை வீசுவார். படகின் பின்பக்கத்து உயர்ந்த மேடையில் நின்று நான் கழி ஊன்றிப் படகைத் தள்ளுவேன். நடுவில் நின்று மீனைக் கண்டு சொல்பவர் அண்ணன். பிடித்த மீனைக் கடலிலேயே விட்டுவிட வேண்டும். அது தெரியாமல் முதல் வாரம், வெள்ளைக்காரர் ஆசையாகத் தூக்கிப் பிடித்த பாரையை மண்டையில் ஒரே போடு போட்டு, "கொழம்புக்கு ஆச்சுடா" என்று சிரித்த மகராசன் அவர். வேலை தப்பியது கடவுள் புண்ணியம்.

கொள்ளிடத்துத் தண்ணீரில் பழகிய கண் அது. "மீனைத் தேடாதடா. மணல்ல வுழுற நிழலப் பாரு. மீனு ஏமாத்தும், நிழலு ஏமாத்தாது" என்பார்.

அந்தக் கண்தான் மங்கியது. நரம்பு கெட்டுவிட்டது, ஆபரேஷன் உதவாது என்று டாக்டர் சொன்னதை என்னிடம் மட்டும் சொன்னார். அப்போது மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். "அவ முடிக்கிற வரைக்கும் ஒப்பேத்திடுவோம்டா. நீ பாரு, நான் சொல்றேன்." கால் வலி என்று சாக்குச் சொல்லி, என் கால் எட்டும்படி மேடைக்கு முன்னால் ஒட்டி உட்கார்ந்துகொண்டார். என் கை இரண்டும் கழியில் இருந்தன. வாய் திறந்தால் குட்டு உடைந்துவிடும். "காலால தொடு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூத்தவர் மேல் காலா? "பாவம் என் தலையில வரட்டும், தொடுடா."

இடத்தோளில் விரல் பட்டால் மீன் இடப்பக்கம். வலத்தோள் என்றால் வலப்பக்கம். நடுமுதுகு என்றால் நேரே வருகிறது. கரையேறியதும் தினமும் அவர் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். "போதும்டா, நான் என்ன கோயில் சிலையா" என்று தள்ளிவிடுவார்.

ஒருநாள் காலை டீக்கு நின்றபோது எல்லார் முன்னாலும் சொன்னார்: "இவனுக்கு என்னங்க தெரியும்? நான் சொல்லலன்னா குருடன் மாதிரி நிப்பான்." தன் கண்ணை மறைக்கச் சொன்னது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அன்று ஒரு பாரை நேரே வந்தது. அவ்வளவு பெரிதை நான் கண்டதேயில்லை. என் கால் அசையவில்லை. வேண்டுமென்றேதான். படகை உரசிக்கொண்டு போன பிறகுதான் விருந்தாளி பார்த்துக் கத்தினார். அண்ணன் எழுந்து நின்று நாலா பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பித் தேடினார். பாவி நான், அதையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் மேனேஜரிடம் அவரே போய்க் கண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டார். வேலை அத்தோடு முடிந்தது. ஊருக்குக் கிளம்பும்போது என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"ரொம்பப் பெருசாடா?"

"பெருசுண்ணே."

தலையாட்டிவிட்டுப் போனார். நானும் ஊருக்கு வந்துவிட்ட பிறகு, போனில் மன்னிப்புக் கேட்க வாயெடுக்கும்போதெல்லாம், மழை பெய்ததா, கரும்பு வெட்டியாச்சா என்று பேச்சை மாற்றிவிடுவார்.

திருமானூரில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "வந்துட்டியாய்யா. கண்ணு போனப்ப என் தம்பிதான் எனக்குக் கண்ணா இருந்தான்னு ஓயாம சொல்லுவாரு." நடந்ததை அவரிடம் அண்ணன் சொல்லவே இல்லை. படிப்பைப் பாதியில் விட்டுப் பெரம்பலூரில் ஜவுளிக்கடைக்குப் போகிற மகள், "தண்ணி குடிங்க சித்தப்பா" என்று சொம்பை நீட்டினாள். வாங்கி அப்படியே திண்ணையில் வைத்துவிட்டேன்.

வீட்டை விட்டு எடுக்கும் முன் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். அவர் முதுகில் என் கால் பட்ட நாட்களுக்கெல்லாம் அன்றன்றே கண்ணில் ஒற்றிக்கொண்டாயிற்று. மன்னிப்புக் கேட்காமல் மிஞ்சியிருப்பது, கால் படாமல் நின்ற அந்த ஒரு நாள்தான்.