மானியம் கேட்ட வகுப்பு

எழுபதுகளின் தொடக்கத்தில் மண்ணூர்ப் பக்கம் ஒரு வேதக்காரப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் அரசு மானியம் உண்டு. ஆறும் ஏழும் பங்குச் சாமியார் பிடிவாதமாக நடத்தியவை. அவற்றுக்கும் மானியம் கேட்டு மூன்று வருடம் மனுப் போட்டோம். எழுதுவது நான், கையெழுத்து அவர். "இவர்களும் இந்த நாட்டுப் பிள்ளைகள்தான். ஆறாவது படிக்க ஸ்ரீபெரும்புதூர் போக வேண்டும், பெண்பிள்ளைகளை யாரும் அனுப்புவதில்லை" என்று ஒவ்வொரு மனுவிலும் எழுதுவேன். படிப்பவர்களில் பாதிப் பேர் இந்துக்கள் என்பதையும் சேர்ப்பேன். பதில் வராது. இந்த வருடமும் மானியம் இல்லையென்றால் ஜூனில் இரண்டு வகுப்பையும் மூடிவிடச் சொல்லி சாமியாரின் மேலிடத்தில் உத்தரவாகிவிட்டது.

ஒருவழியாக அதிகாரி பார்வைக்கு வருவதாகக் கடிதம் வந்தது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். மாநிலத் தலைநகரங்களைப் பிள்ளைகளுக்கு உருப்போட வைத்தேன். எது முக்கியமோ அதை விட்டுவிட்டேன்.

எங்கள் வேதக்காரப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் இரண்டு பேர். ஞானஸ்நானத்தில் வைத்தது ஒன்று, பதிவேட்டில் இருப்பது வேறொன்று. வேதப்பேர் பதிவேட்டில் ஏறினால் ஆதிதிராவிடர் சலுகை போய்விடும். வேதத்தில் சேர்ந்தால் சாதி போய்விடும் என்று அரசாங்கம் நம்பியது. ஊர் நம்பவில்லை.

"கோயில்ல இன்னா பேரு வேணா வச்சிக்கோங்க டீச்சர். நோட்டுல பழைய பேரே இருக்கட்டும். சலுகை பூட்ச்சின்னா எப்டி மேல படிக்க வக்கிறது?" என்று ஒரு தகப்பன் கேட்டான். அவன் மகள் ஆறாம் வகுப்பில் என்னிடம் படித்தாள். வகுப்பிலேயே கெட்டிக்காரி.

அவன் கேட்டதில் தப்பில்லை. தப்பு என்னுடையது. பதிவேட்டைத் திறக்காமல், மனப்பாடமாக, ஞானஸ்நானப் பேரைச் சொல்லித்தான் தினமும் கூப்பிடுவேன். குறிப்பதெல்லாம் பிறகுதான். அத்தனை பேரும் நினைவிருக்கிறது என்று எனக்கொரு பெருமை.

அதிகாரி வந்தார். நல்ல மனிதர், மோர்கூட வேண்டாம் என்றார். பதிவேட்டை வாங்கி அவரே வாசித்தார். இந்துப் பிள்ளைகள் "உள்ளேன் ஐயா" என்று எழுந்தார்கள். மற்றவர்களின் பேர் வந்தபோது ஒருவரும் அசையவில்லை. அந்தப் பேர்களை அவர்கள் காதால் கேட்டே வருடக்கணக்காகிவிட்டது.

"இவ்ளோ பேர் வரலையா? அப்ப இங்க உக்காந்திருக்கிறது யாரு?" என்றார் அதிகாரி.

பார்வை நாளில் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளை இரவல் வாங்கி உட்கார வைப்பது அப்போது நடக்கிற காரியம். அதைத்தான் அவர் நினைத்தார். நானாக இருந்தாலும் அதையேதான் நினைத்திருப்பேன். உண்மையைச் சொன்னால் சலுகை போகும், சொல்லாவிட்டால் வகுப்பு போகும். சாமியார் என் முகத்தைப் பார்த்தார்.

அந்தக் கெட்டிக்காரப் பெண் எழுந்தாள். "சார், எங்களுக்கு ரெண்டு பேரு கீது. கோயில்ல ஒன்னு..."

"உக்காரு" என்றேன். உட்கார்ந்துவிட்டாள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயை மூடிக் கெட்டேன். வருகைப் பதிவு ஐயத்துக்குரியது என்று ஒரே வரியில் மனுவைத் தள்ளிவிட்டார்கள். ஜூனில் இரண்டு வகுப்பையும் மூடினோம். சாமியார் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஜூலையில் அவளை வேர்க்கடலைக் கொல்லையில் பார்த்தேன். களை எடுத்துக்கொண்டிருந்தவள் வரப்புக்கு வந்தாள்.

"டீச்சர், நான் எழுந்து பேசுனதாலதான் கிளாஸ் பூட்ச்சா? எங்கப்பா அப்டித்தான் சொல்றாரு."

"இல்லம்மா. உன் மேல தப்பே இல்ல."

"பின்ன ஏன் டீச்சர் என்ன உக்கார சொன்னீங்க?"

உங்கள் சலுகையைக் காப்பாற்றத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். படிப்பே நின்றுபோனவளுக்கு எதற்குச் சலுகை? அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். கொல்லைக்காரர் கூப்பிட்டதும் போய்விட்டாள்.