சூடு காட்டாத எஃகு

என் மாமனாரை எனக்குப் பிடிக்காது. அவருக்கும் என்னைக் கண்டால் ஆகாது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே அணுமின் நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டு, எலியும் பூனையுமாகவே காலம் தள்ளினோம். நான் அணு உலைக் கட்டடத்தில் பம்பு பழுதுபார்க்கும் தற்காலிக ஆள். அவர் சோதனைக்கூடத்துக்காரர். அந்தத் திமிர் வேறு.

அவர் வேலையே உடைப்பதுதான். உலையின் எஃகுக் கலத்துக்குள், அதே எஃகில் செய்த விரல் நீளத் துண்டுகளை ஆரம்பத்திலேயே வைத்துவிடுவார்கள். கலம் படும் பாட்டை அவையும் படும். நியூட்ரான்கள் வருடக்கணக்கில் மோதி மோதி, உள்ளே அணுக்களை இடம்பெயர்த்துவிடும். எஃகு முன்னைவிடக் கெட்டிப்படும். ஆனால் வளைந்துகொடுக்கும் குணம் போய்விடும். மாமனார் தடித்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, இயந்திரக் கைகளால் ஒரு துண்டை நிறுத்தி, ஊசல் சுத்தியலை விடுவார். நல்ல துண்டு வளைந்து கிழிந்து அடியை வாங்கிக்கொள்ளும். கெட்டது பட்டென்று போகும்.

முந்தைய சோதனைகள் இரண்டுங்கெட்டானாக முடிய, ஒரே ஒரு துண்டு மிச்சமிருந்தது. அது தாங்கினால் நிலையம் இன்னும் பல வருடம் ஓடும், என் வேலை நிரந்தரமாகும். இல்லாவிட்டால் மூடுவிழாதான்.

மேலதிகாரி நைசாக என்னிடம் வந்தார்.

"உன் மாமனார்கிட்ட சொல்லுப்பா. அடிக்கறதுக்கு முன்னாடி துண்ட ஃபர்னஸ்ல போட்டு எடுக்கட்டும்."

நன்றாகச் சூடேற்றினால் நகர்ந்த அணுக்கள் பெரும்பாலும் பழைய இடத்துக்குத் திரும்பும். துண்டு தேறிவிடும். கலம் தேறாது. எனக்கென்ன, வேலை நிலைத்தால் போதும் என்று வீட்டில் பேச்செடுத்தேன்.

"சாப்பிடற நேரத்துல பேசற பேச்சா இது?" என்று எழுந்து போனார். தட்டில் பாதி அப்படியே கிடந்தது. மனைவி என்னை முறைத்தாள்.

மறுநாள் சூடு காட்டாமலே அடித்தார். துண்டு இரண்டாகத் தெறித்தது. சுத்தியல் தடுப்பாரில்லாமல் மறுபக்கம் ஏறியது. நிலையத்தை மூட உத்தரவு வந்தது.

வாசலில், எல்லார் முன்னாலும் அவரை மறித்தேன்.

"என் பொழப்புல மண்ணப் போட்டாச்சு. இப்ப சந்தோஷமா?"

"கலம் கொதிச்சுக்கிட்டிருக்கறப்ப திடீர்னு ஒருநாள் பச்சத் தண்ணி உள்ள பாஞ்சா அது விரிசல் விட்டுப் பொளந்துரும். பக்கத்துல பம்பக் கழட்டிக்கிட்டு நிக்கறது யாரு? நீங்கதான?" என்றார். "உங்கள எனக்குப் புடிக்காதுதான் மாப்ள. எம் பொண்ணுக்குப் புடிச்சுத் தொலைச்சிருக்கே!"