அவன் கொன்றானா, இல்லையா?

இன்று மாலை ஆபீஸ் நண்பர்களோடு ஒரு பிரெஞ்சு த்ரில்லர் பார்த்தேன்.

மனைவி காணாமல் போகிறாள். கணவன் படம் முழுக்கக் காத்திருக்கிறான். அவளுக்கு என்ன ஆனது என்று சொல்லாமலே முடித்துவிட்டார்கள்.

வெளியே டீக்கடையில் விவாதம். "அவன்தான் கொன்னுட்டான்," என்றேன் நான்.

"நான் பாதியிலயே தூங்கிட்டேன்," என்றான் ரவி.

எங்களோடு வந்த செல்வி அக்காவுக்கு ஊர் கடலோரக் கனகசெட்டிக்குளம். தம்பி கடலுக்குப் போனவர், திரும்பவே இல்லை.

"அவன் கொல்லலப்பா. கதவு சத்தம் கேக்கறப்பல்லாம் எழுந்து போய் பாக்கறான் இல்ல? எங்கம்மா இன்னும் அப்படித்தான் பாக்குது," என்றார்.

ரவி அவருக்கு இன்னொரு டீ சொன்னான்.

இப்போதும் எனக்கு அவன் மேல்தான் சந்தேகம். ஆனால் அதை அக்காவிடம் சொல்லப் போவதில்லை. பார்த்தவர்கள் யாராவது என் பக்கம் இருக்கிறீர்களா?