உருளைக்கிழங்கு உட்கார்ந்த இருக்கை

தூண்டில் நரம்பைப் பல்லால் கடித்து இறுக்குகிறார் தைமி கோர்வெலா. காருக்குப் பின்னால் ஒரு முக்காலி, முன்னால் ஒரு முக்காலி. இடையே சக்கரத்தின் நடு உயரத்தில் அந்த நரம்பு. போன கோடையில் அதில் சிக்கிய மீன் அவரைப் படகோடு அடுத்த ஊர்வரை இழுத்துப் போனதாம். காருக்கு அதைவிட முரட்டுக் குணம்.

தைமி தபால்காரி. வண்டிகள் சாலையின் வலப்புறம் ஓடும் நாட்டில், சாலையோரத் தபால் பெட்டிகளுக்குக் கை எட்டவேண்டுமென்று, வலப்பக்கம் ஸ்டீயரிங் வைத்த பழைய காரைப் போன இலையுதிர்காலத்தில்தான் வாங்கினார். பனி உருகிய பள்ளத்தில் ஒருமுறை இறங்கி ஏறியதிலிருந்து அது இடப்பக்கமே இழுக்கிறது. திங்கட்கிழமை ஆண்டுச் சோதனை. தேறாவிட்டால் கார் சாலையில் ஓடக்கூடாது. நூற்று நாற்பது பெட்டிகளும் வேறொருவருக்குப் போய்விடும். அதனால் சனிக்கிழமை நீராவிக் குளியலுக்கான சவுனா அறையைக்கூட அவர் சூடாக்கவில்லை. பின்லாந்தில் அது இழவு வீட்டிலும் நடக்காத காரியம்.

பட்டறைக்கு விடலாமே என்றால், "என் வண்டியோட கோணல் எனக்குத்தான தெரியும், மெஷினுக்கு என்ன தெரியும்?" என்பார்.

முன்சக்கரங்கள் வழுக்கித் திரும்ப, அடியில் இரண்டிரண்டு தரை ஓடுகள், நடுவே வெண்ணெய். ஓட்டுபவர் எடைக்கு ஈடாக இருக்கையில் எண்பத்து நான்கு கிலோ உருளைக்கிழங்கு. சக்கரம் எவ்வளவு கோணியிருக்கிறதென்று நரம்பிலிருந்து அளவுகோல் வைத்துப் பார்த்து, சக்கரத்தைத் திருப்பும் டை ராட் கம்பியைக் கால் சுற்று திருகுவார்; ஓட்டிப் பார்ப்பார்; இழுக்கும். மூன்று முறை ஆயிற்று.

கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு சுலோ தொண்டையைக் கனைத்தார்.

"தைமி, அந்த உருளைக்கிழங்குக்கு லைசென்ஸ் இருக்கா?"

"உன்னவிட நல்லா ஓட்டும். வாயையும் மூடிக்கிட்டு இருக்கும்."

"ஓட்டட்டும். ஆனா அது இடது பக்கம்ல உக்காந்திருக்கு. ஸ்டீயரிங் அந்தப் பக்கம் இருக்கு."

தைமி ஜன்னல் வழியே இருக்கையை எட்டிப் பார்த்தார். நாற்பது ஆண்டுகள் ஊரார் எல்லோரையும்போல இடப்பக்கம் உட்கார்ந்தே ஓட்டிய உடம்பு. மூட்டையைக் கை தானாக அங்கே போட்டிருந்தது.

"காபி குடிக்க வந்தா குடிச்சிட்டுப் போகவேண்டியதுதான" என்று முணுமுணுத்துக்கொண்டே மூட்டைகளை இடம் மாற்றினார். கடைசி மூட்டையை சுலோ தூக்கிக் கொடுத்தார். மறுபடி நரம்பு, அளவுகோல், கால் சுற்று.

தேவாலயத்தைத் தாண்டினால் நேர்ச்சாலை. பக்கத்தில் சுலோ கதவுப் பிடியை இறுகப் பற்றியிருந்தார். தைமி ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்தார். கார் நேராகவே போயிற்று. மடியிலிருந்த ஏலக்காய் ரொட்டியை நிதானமாகப் பிய்த்து, பெரிய பாதியை அவரிடம் நீட்டினார்.